தொண்டர்களுக்கு நாம் பட்ட கடன்

பொதுத்தொண்டில் ஈடுபடுவோரைப் பாராட்டும் முகமாக ஊர்மக்கள் ஒன்றுகூடி நடப்பதும், நடையின் முடிவில் திறந்தவெளியில் அமர்ந்து உணவைப் பகிர்ந்துண்பதும் மேலைநாடுகளில் வழக்கமாகிவிட்டன. புலம்பெயர்ந்த எம்மவரும் இதில் பின்நிற்கவில்லை. கனேடியத் தமிழர் பேரவை ஸ்காபரோவில் நடத்திய ஆண்டு நடைபவனிகள் பல பொதுநலப் பணிகளுக்கு நிதி திரட்டித் தந்தன. திருகோணமலையின் லிங்கநகர் போன்ற குடியிருப்புகளிலும் இத்தகைய ஒன்றுகூடல்கள் இடம்பெறுவது வரவேற்கத்தக்கதே.

இது எமக்கு அந்நியமான வழக்கமும் அல்ல. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் செல்லும் பாதயாத்திரிகர்கள் திருகோணமலையூடாகவே நடக்கின்றனர். வழிநெடுகிலும் உள்ள ஊர்கள் அவர்களுக்கு அன்னமும் தண்ணீரும் தங்குமிடமும் அளித்து வருகின்றன. 1958ஆம் ஆண்டு ஆரியரத்ன தொடக்கிவைத்த சர்வோதய இயக்கத்தின் சிரமதானமும், சேர்ந்து உழைத்துச் சேர்ந்து உண்ணும் பண்பிலேயே வளர்ந்தது.

எனினும், பாராட்டு ஒருநாள் நிகழ்வோடு முடிந்துவிடுமாயின் அதனால் பயனில்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபோது முதலில் கைகொடுத்தவர்கள் அயலவர்களே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலினால் மாவிலாறு அணைக்கட்டு உடைப்பெடுத்து, மூதூர், வெருகல் பிரதேசங்கள் வெள்ளத்தில் மூழ்கியபோதும், சமைத்த உணவோடு விரைந்தவர்களில் சாதாரண ஊர்மக்கள் பலர். அனர்த்தம் நேரும்போது நாடப்படும் இவர்கள், வெள்ளம் வடிந்ததும் மறக்கப்பட்டு விடுகின்றனர்.

மறதியிலும் கொடியது அநீதி. கொட்டியாரக் குடாவின் மறுகரையிலுள்ள மூதூரில், 2006 ஆகஸ்ட் 4ஆம் திகதி, 'அக்சன் பாம்' என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் தமது அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட மக்களுக்குப் பணிபுரிந்தமையைத் தவிர அவர்கள் இழைத்த குற்றம் எதுவுமில்லை. ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது. படையினரைப் பொறுப்பாளிகளாகச் சுட்டி அந்நிறுவனமே 2013இல் அறிக்கை வெளியிட்டது. ஆயினும் இக்கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

பிறர் துயர் துடைக்கச் சென்றவர்களைக் கொன்றோர் தண்டனையின்றி உலவும் மண்ணில், இளைஞர்களைத் தொண்டுக்கு வருமாறு அழைப்பது எந்த வகையில் நியாயமாகும்? தொண்டர்களுக்கு மாலை சூட்டும் அரசியல் பிரமுகர்களும் அதிகாரிகளும் இக்கேள்விக்குப் பதில் கூறக் கடமைப்பட்டுள்ளனர்.

செய்யவேண்டியவை பல உள்ளன. தொண்டர்களைப் பிரதேச செயலகங்கள் ஊடாகப் பதிவு செய்து, முதலுதவி, மீட்புப் பயிற்சிகளை வழங்க வேண்டும். உயிர்காப்பு அங்கிகளும் விபத்துக் காப்புறுதியும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். அரசின் பொறுப்பை முழுமையாக அவர்கள் தலையில் சுமத்துவது கைவிடப்பட வேண்டும். அனைத்துக்கும் மேலாக, மூதூர்ப் படுகொலைக்கு நீதி வழங்கப்பட வேண்டும்.

லிங்கநகரிலிருந்து மக்கள் நடக்கட்டும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற பேதமின்றிக் கூடி உண்ணட்டும். ஆனால், முதற்கவளத்தை எடுப்பதற்கு முன்னர், குடாவின் மறுகரையை நோக்கி ஒரு நிமிடம் மௌனமாக நிற்கட்டும். அந்த 17 பேருக்கும் பட்ட கடன் தீரும்வரை, தொண்டர்களுக்கு நாம் கூறும் நன்றி அரைகுறையானதே.