அரபு படிப்பில் மாணவர்களுக்கு ஆர்வம் ஏன்?

டாலிகஞ்ச்:

பன்னிரண்டாம் வகுப்பு தேறிய பிள்ளையைக் கப்பலேற்றி எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது என்ற கவலை, கூலி வேலை செய்யும் தந்தைக்கும் உண்டு, குமாஸ்தாவுக்கும் உண்டு. அண்மைக் காலமாக அந்தப் பேச்சில் அரபு மொழியும் அடிபடுகிறது. தென் அந்தமானில் இது புதுமையல்ல. 1921 மலபார் கிளர்ச்சிக்குப் பின் கைதிகளாக இங்கு கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளைமார் அமைத்த ஊர்களுக்கு இன்றும் மஞ்சேரி, வண்டூர் என்றே பெயர். அவர்களுடைய பேரன் பேத்திகள் மேற்படிப்புக்கு மலபாருக்குப் போவதைத் தமிழர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பல்கலைக் கழக மாணவன் ஒருவன் அரபு மொழியைச் சரளமாகப் பேச ஏன் ஆசைப்படுகிறான்? மார்க்கப் பற்று என்று ஒரே சொல்லில் பலர் பதில் சொல்லிவிடுகிறார்கள். அது உண்மைதான்; ஆனால் முழு உண்மையல்ல. குர்ஆனைப் பொருள் தெரிந்து ஓத வேண்டும் என்ற விருப்பம் பலரை வகுப்புக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. மூன்று ஆண்டுகள் அங்கேயே உட்கார வைப்பது பெரும்பாலும் உத்தியோகம் பற்றிய நம்பிக்கையே.

கேரளத்தில் இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு. அங்கே அரசுப் பள்ளிகளில் அரபு ஒரு பாடம். அதற்கு ஆசிரியர் பணியிடங்கள் உள்ளன. முஸ்லிம் அல்லாதவர்களும் அரபு கற்று அந்த வேலையில் அமர்ந்திருக்கிறார்கள். அந்தப் பணியிடங்களுக்கு இருக்கும் மதிப்பை 1980-இல் நாடே கண்டது. நாயனார் அரசு அரபு ஆசிரியர் நியமனத்துக்குத் தகுதி, வகுப்பறை வசதி ஆகியவை பற்றிப் புதிய நிபந்தனைகள் விதித்தது. எதிர்ப்புக் கிளம்பியது. ஜூலை 30 அன்று மலப்புரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று இளைஞர்கள் உயிரிழந்தனர். பிறகு அரசு பின்வாங்கியது.

தமிழ்நாட்டு நிலைமை வேறு. திருச்சி ஜமால் முகம்மது கல்லூரி, சென்னை புதுக் கல்லூரி இரண்டும் 1951-இல் தொடங்கியவை, அரபு கற்பிப்பவை. ஆனால் கேரளத்தைப் போல ஊருக்கு ஊர் அரசுப் பள்ளியில் அரபு ஆசிரியர் வேலை தமிழ்நாட்டில் கிடையாது. ஐ.ஏ.எஸ். தேர்வில் அரபு இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கும் வாய்ப்பும் 2013-இல் எடுக்கப்பட்டுவிட்டது. எனவே தமிழ் மாணவனின் கண் வளைகுடாவின் பக்கம் திரும்புவதில் வியப்பில்லை.

இங்கேதான் ஒரு சிக்கல். கல்லூரியில் கற்பிக்கப்படுவது ஏட்டு அரபு. செய்தித்தாளும் வானொலிச் செய்தியும் அதில்தான் வரும். கெய்ரோ கடைத்தெருவிலோ மஸ்கட் சந்தையிலோ அதை யாரும் பேசுவதில்லை. ஊருக்கு ஊர் பேச்சு வேறு. முதல் வகுப்பில் தேறிய பட்டதாரி அங்கே போய் இறங்கினால் டாக்சிக்காரரின் பேச்சு புரியாமல் விழிப்பது உண்டு. ஐந்தாம் வகுப்பு தாண்டாத கொத்தனாரோ அரபியும் இந்தியும் கலந்த ஒரு பேச்சில் ஆறே மாதத்தில் காரியத்தை முடித்துக்கொள்வார்.

அப்படியானால் படிப்பு வீணா? அந்தக் கொத்தனாரின் கையில் இருக்கும் ஒப்பந்தத் தாளைப் பார்த்தால் விடை தெரியும். சவூதி தொழிலாளர் சட்டப்படி ஒப்பந்தத்தின் அரபு வாசகமே செல்லும். பக்கத்தில் ஆங்கிலத்தில் எது எழுதியிருந்தாலும் தகராறு வந்தால் அரபுதான் நிற்கும். சந்தையில் பேரம் பேசத் தெரிந்தவருக்கும் தாம் கையெழுத்திட்ட சம்பளத் தொகை என்ன என்று படிக்கத் தெரிவதில்லை. இந்த இடத்தில் ஏட்டு அரபு தெரிந்தவனுக்கு மரியாதை உண்டு, ஊதியமும் உண்டு.

சவூதியில் 2011-இல் வந்த நிதாகத் திட்டம் உள்நாட்டவருக்கு வேலை ஒதுக்கியதிலிருந்து வெறும் எழுத்தர் வேலைகளை நம்பிப் போவது சரிப்படாது. இதற்கிடையில் உள்நாட்டிலேயே ஒரு பிழைப்பு வளர்ந்திருக்கிறது. ஓமான், யேமன், ஈராக் நாட்டு நோயாளிகள் சிகிச்சைக்காக சென்னை, ஐதராபாத், டில்லி மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் நின்று பேச ஆள் வேண்டும். வலி எங்கே, எத்தனை நாளாக என்பதைத் தப்பாகச் சொல்லிவிட்டால் விபரீதம். கைப்பேசிகூட இப்போது மொழிபெயர்க்கிறது. சில்லறை வேலைகளை அது கொண்டுபோய்விடும். ஆனால் அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் வாங்கும்போது கைப்பேசியை மட்டும் நம்ப எந்த டாக்டர் துணிவார்?

மொழி அந்நியமானதே என்று தயங்குவோரும் உண்டு. அவர்கள் நாள்தோறும் ஆபீசில் எழுதும் வசூல், பாக்கி, ரத்து, ஆஜர் எல்லாம் அரபியிலிருந்து வந்த சொற்களே. இந்தத் தீவின் சரித்திரத்தோடு ஒட்டிய கைதி என்ற சொல்லும் அப்படியே. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழையே அரபு எழுத்தில் எழுதி நூல்கள் செய்தார்கள்.

படிக்கப் புறப்படும் பிள்ளையைத் தந்தை ஒன்று கேட்டுக்கொள்வது நல்லது. சேரப் போகும் துறையில் மொழிபெயர்ப்பும் பேச்சுப் பயிற்சியும் உண்டா, அல்லது இலக்கணமும் பழைய செய்யுளும் மட்டும்தானா? மதரசாவில் ஓதிய பிள்ளைக்கு எழுத்தாவது பழக்கம். மற்றவர்கள் வலமிருந்து இடமாக எழுதுவதிலிருந்து தொடங்க வேண்டும். முதல் ஆண்டின் பெரும்பகுதி அதிலேயே போகும். கப்பல் கட்டணம், விடுதிச் செலவு இவற்றோடு அந்த ஓராண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.