‘நூறு விழுக்காடு மெய்ம்மை’ என்னும் பொய்

2005இல் வெளிவந்த ‘சைலண்ட் ஹன்டர் 3’ என்னும் கணினி விளையாட்டில், ஆடுபவர் இரண்டாம் உலகப்போர்க்கால ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் தலைவராகிறார். அதன் ஆட்டக்காரர்களிடையே இன்றளவும் தீராத வழக்கொன்று உண்டு. வானில் விமானம் தென்பட்டால் உடனே மூழ்குவதா, மேற்பரப்பிலேயே நின்று பீரங்கியால் சுடுவதா? தேர்ந்தவர்களின் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: மூழ்கு, மூழ்கியதும் திசை திரும்பு, ஆழத்துக்குப் போ, அவசரப்பட்டு மேலெழாதே. விளையாட்டுக்கு இது நல்ல அறிவுரை. ஆனால் இதை வரலாற்றறிவு என்று போற்றுவோரும், வகுப்பறைக்குப் பரிந்துரைப்போரும் பெருகிவருகின்றனர். அந்தப் போற்றுதல் மறுக்கப்பட வேண்டியது.

இவ்விளையாட்டு தன் மெய்ம்மையை விழுக்காட்டில் அளந்து காட்டுகிறது. மின்கலம் தீரும், எரிபொருள் தீரும், குண்டு வெடிக்காமல் போகும், வெளிப்புறக் காட்சி கிடையாது என்று ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்தால் மெய்ம்மை நூறைத் தொடும். இவையெல்லாம் எந்திரத்தின் மெய்ம்மைகள். 1943இல் அக்கப்பலுக்குள் இருந்தவர்களின் அறியாமைக்கு அப்பட்டியலில் இடமில்லை. அவர்களைக் கொன்றதில் அந்த அறியாமைக்குப் பெரும்பங்கு உண்டு.

1942இல் ஜெர்மானியக் கப்பல்களில் ‘மெட்டாக்ஸ்’ என்னும் கருவி பொருத்தப்பட்டது. எதிரி விமானத்தின் ரேடார் அலையை உணர்ந்து அது எச்சரிக்கும். 1943இன் தொடக்கத்தில் நேச நாட்டு விமானங்கள் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அலைநீள ரேடாருக்கு மாறின. மெட்டாக்ஸின் செவிக்கு அது எட்டவில்லை. எச்சரிக்கையே இன்றி இருளிலிருந்து விமானங்கள் பாய்ந்தன. மெட்டாக்ஸ் கருவியே வெளிவிடும் கதிர்தான் தம்மைக் காட்டிக்கொடுக்கிறது என்று ஜெர்மானியக் கடற்படை ஒரு கட்டத்தில் நம்பியது. தன் சங்கேதச் செய்திகளை பிரிட்டன் படித்துக்கொண்டிருந்ததையும் அது அறியவில்லை. அந்த உண்மை உலகறிய வெளிப்பட்டது 1974இல்தான். இன்றைய ஆட்டக்காரருக்கோ இவ்வளவும் முன்கூட்டியே தெரியும். எந்த ஆண்டில் எந்தக் கருவி பயனற்றுப்போகும் என்னும் நாட்காட்டியோடு அவர் கடலில் இறங்குகிறார். அவருடைய ‘சாதுரியம்’ பின்வந்தவரின் சாதுரியம்.

‘சுடு’ என்னும் தரப்பின் கதையும் இத்தகையதே. 1943 மே மாதத்தில் மட்டும் 41 நீர்மூழ்கிகள் அழிந்தன. அதே கோடையில் பிஸ்கே விரிகுடாவைக் கடக்கும் கப்பல்கள் மேற்பரப்பில் நின்றே விமானங்களை எதிர்க்கவேண்டும் என்னும் ஆணை நடப்பிலிருந்தது. கூடுதல் பீரங்கிகளோடு விமானங்களுக்குப் பொறியாகவே அனுப்பப்பட்ட யூ-441, மே மாதத்தில் ஒரு சண்டர்லேண்ட் விமானத்தை வீழ்த்தியது, தானும் சேதமுற்றது. ஜூலையில் மூன்று போஃபைட்டர் விமானங்கள் அதன் மேல்தளத்தைச் சுட்டுத் துளைத்தன. பத்துப்பேர் மாண்டனர். அதிகாரிகள் வீழ்ந்த நிலையில், கப்பலின் மருத்துவரே அதைக் கரைசேர்த்தார். ஆகஸ்டில் அந்த ஆணை கைவிடப்பட்டது. ஆட்டக்காரர்கள் ‘உத்தி’ என்று விவாதிப்பது, அன்று மாலுமிகளுக்குத் தெரிவுரிமையே இல்லாத கட்டளையாக இருந்தது.

மூழ்கினால் பிழைப்பு உறுதி என்பதும் அன்று உண்மையாயிருக்கவில்லை. பிரிட்டனின் கடலோர விமானப்படைக்காகக் கணக்கிட்ட இ. ஜே. வில்லியம்ஸ் என்னும் இயற்பியலாளர், விமானங்கள் வீசும் ஆழ்குண்டுகள் மிக ஆழத்தில் வெடிப்பதைச் சுட்டிக்காட்டினார். ஆழத்துக்குப் போய்விட்ட கப்பலின் இருப்பிடம் விமானிக்குத் தெரியாது. இன்னும் மேற்பரப்பிலோ, சற்றுமுன் மூழ்கிய நிலையிலோ இருப்பதைத்தான் குறிவைக்க முடியும். குண்டுகள் ஏறத்தாழ 25 அடி ஆழத்தில் வெடிக்குமாறு மாற்றப்பட்ட பின் தாக்குதல்களின் பலன் பன்மடங்கு உயர்ந்தது. அவசரமாக மூழ்கும் கப்பலின் அந்தச் சில நொடிகளே அக்கணக்கின் இலக்கு. இத்தகைய ஆய்வுகளை வழிநடத்திய பேட்ரிக் பிளாக்கெட், விடுதலைக்குப்பின் இந்திய அரசுக்குப் பாதுகாப்பு அறிவியலில் ஆலோசனை வழங்கியவர். ஒரு மாலுமியின் உயிர், அவன் கேள்விப்பட்டேயிராத ஒரு மேசைக் கணக்கில் முடிவானது என்பதே இப்போரின் பாடம். கப்பல்தலைவனின் கையில் முடிவைக் கொடுக்கும் விளையாட்டு, இப்பாடத்தைத் தலைகீழாக்குகிறது.

மொழியும் இதில் உடந்தை. ஆட்டத்தின் வெற்றி மூழ்கடித்த டன்களில் எண்ணப்படுகிறது. இது டோனிட்ஸ் தலைமையிலான நீர்மூழ்கிப் படையின் கணக்குமொழி. ‘ஏழாயிரம் டன்’ என்னும் சொற்றொடரில் மனிதர் எவரும் இல்லை. அந்த வணிகக் கப்பல்களில் சில்ஹெட்டிலிருந்தும் கோவாவிலிருந்தும் கொங்கணக் கரையிலிருந்தும் சென்ற இந்திய மாலுமிகள் உழைத்துக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் அப்போரில் மாண்டனர். விமானத்தைப் ‘பிழைப்புக்கு இடையூறு’ என்று மட்டும் பேசும் மொழி, அவ்விமானம் யாரைக் காக்கப் பறந்தது என்பதை மறைக்கிறது.

விளையாட்டு வரலாற்றார்வத்தைத் தூண்டுகிறது என்று மறுமொழி வரும். உண்மை, அதைப் பயன்படுத்தி நூலகத்துக்குச் சென்றவர்கள் உண்டு. ஆர்வத்தைத் தூண்டுவது வேறு, அறிவாக நிற்பது வேறு. நீர்மூழ்கிகளில் பணியாற்றிய ஏறத்தாழ 40,000 ஜெர்மானியரில் ஏறத்தாழ 30,000 பேர் திரும்பவில்லை. அவர்களுள் மூழ்கியவர்களும் இருந்தனர், சுட்டவர்களும் இருந்தனர். திறமையுள்ளவன் பிழைப்பான் என்னும் விளையாட்டின் அறம் இவ்வெண்ணிக்கையின் முன் நிற்காது.

இவ்விளையாட்டை வகுப்புக்குக் கொண்டுவரும் ஆசிரியர், பிழைத்த மாணவரிடம் ஒரு கேள்வியைக் கட்டாயம் எழுப்பவேண்டும்: நீங்கள் அறிந்திருந்தவற்றுள் எவற்றை அன்றைய கப்பல்தலைவன் அறிந்திருக்க வழியே இல்லை? அப்பட்டியலை எழுதத் தொடங்கும் மாணவர், வரலாற்றுப் பாடத்தைத் தொடங்கிவிடுவார்.