மூன்று புள்ளியும் ஒரு மனுவும்



ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வெளியாகும் நாட்களில் நம் வீடுகள் படும் பாட்டை நீங்கள் அறிவீர்கள். ஒரு வீட்டில் பாயாசம் காய்ச்சுவார்கள். அடுத்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அழுவார்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் நேற்று வரை ஒன்றாக ஓதப் போனவர்கள்தான்.

அப்படியான ஒரு நாளில், மஃரிபுக்குப் பிறகு, இங்கே ஹேவாஹெட்டயில் எங்கள் வீட்டுக்கு ஒரு சகோதரி வந்தார். என் மனைவியின் பக்கத்தில் அமர்ந்துகொண்டு கேட்டார்:

"ஹஸ்ரத், மகன் கேட்ட கண்டி ஸ்கூலுக்கு மூணு புள்ளி காணாது. அப்பீல் போடச் சொல்றாங்க. மாமி சொல்றா, அல்லாஹ் எழுதினத எதிர்த்து மனுப் போடுறதா எண்டு. இன்னொராள் சொல்றாரு, கொஞ்சம் காசு செலவழிச்சா சரிவருமாம் எண்டு. நான் என்ன செய்ய?"

"மகன் என்ன சொல்கிறார், தங்கச்சி?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "ரெண்டு நாளா நான் அவரோட கதைக்கல்ல" என்றார்.

சகோதரிகளே, அந்தத் தாய் கேட்டவை இரண்டு கேள்விகள். கேட்காமல் விட்டது ஒன்று. மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, மனுப் போடுவது கத்ரை எதிர்ப்பதாகுமா? ஆகாது. உமர் (ரழி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டபோது அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. அவர்கள் திரும்பிச் செல்ல முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூ உபைதா (ரழி) கேட்டார்கள். அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரழி) பதிலளித்தார்கள். முயற்சியும் விதிக்கு உட்பட்டதுதான். முயன்று முடித்த பிறகு கிடைப்பதைப் பொருந்திக்கொள்வதுதான் ஈமான்.

அதிலும், சிறுவர் ஒருவர் மறுக்கப்பட்டு மேன்முறையீடு செய்த சம்பவம் ஸீறாவிலேயே இருக்கிறது. உஹதுப் போருக்குப் புறப்பட்ட படையை நபி (ஸல்) அவர்கள் பார்வையிட்டபோது, வயது போதாதவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ராஃபிஃ இப்னு கதீஜ் நல்ல வில்லாளி என்று எடுத்துச் சொல்லப்பட்டதும் அவருக்கு அனுமதி கிடைத்தது. திருப்பி அனுப்பப்பட்டிருந்த ஸமுரா இப்னு ஜுன்துப் இதைக் கேள்விப்பட்டார். ராஃபிஃயை மல்யுத்தத்தில் தன்னால் வீழ்த்த முடியுமே என்று முறையிட்டார். இருவரையும் மோதவிட்டுப் பார்த்தார்கள். ஸமுரா வென்றார்; அவருக்கும் அனுமதி கிடைத்தது. அந்த முறையீட்டை யாரும் பிழை என்று சொல்லவில்லை. அவர் அழுது அடம்பிடித்தோ ஆள் பிடித்தோ அனுமதி பெறவில்லை என்பதையும் பாருங்கள். தன்னிடம் இருந்த தகுதியைக் காட்டினார், அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு வினாத்தாள்களுக்கும் சேர்த்து 200 புள்ளிகள். புள்ளி கூட்டியதில் அல்லது திருத்தியதில் பிழை இருக்கலாம் என்று நினைத்தால், பரீட்சைத் திணைக்களத்திடம் மீள்பரிசீலனை கேட்கலாம். ஆறாம் தரத்துக்குக் கிடைத்த பாடசாலை பொருந்தவில்லை என்றால் கல்வி அமைச்சுக்கு மேன்முறையீடு செய்யலாம். இரண்டும் வேறு வேறு காரியங்கள். முதலாவது புள்ளியைப் பற்றியது. இரண்டாவது பாடசாலையைப் பற்றியது. இரண்டுக்கும் முடிவுத் திகதி உண்டு. அழுதுகொண்டிருக்கும் நாட்களில் அந்தத் திகதி போய்விடுகிறது. ஆகவே சுட்டெண்ணை எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரிடமோ அதிபரிடமோ உடனே போங்கள். ஆனால் மேன்முறையீடு என்பது இல்லாத புள்ளியைக் கூட்டித் தரும் மருந்தல்ல. அதையும் தெரிந்துகொண்டே போடுங்கள்.

முறையாகக் கேட்டால் கேட்கப்படும் என்பதற்கு அண்மைய சான்றும் உண்டு. 2024 செப்டம்பர் 15ஆம் திகதி நடந்த பரீட்சையில், முதலாம் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகியிருந்தன. பெற்றோர் உயர் நீதிமன்றம் வரை சென்றார்கள். டிசம்பர் 31ஆம் திகதி தீர்ப்பு வந்தது. அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்கி, 2025 ஜனவரியில் பெறுபேற்றை வெளியிட்டார்கள். நம்மைப் போன்ற சாதாரண தாய் தகப்பன்மாரே வழக்கு வைத்தவர்கள்.

இரண்டாவது, அந்தக் "கொஞ்சம் காசு". லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள். "அன்பளிப்பு" என்று பெயரை மாற்றினால் ஹராம் ஹலாலாகிவிடாது. முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது, இல்லாத வீட்டுக்கு உறுதியும் குடியிராத விலாசத்துக்குக் கடிதமும் தயாரிக்கிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். பொய்ச் சாட்சியைப் பெரும் பாவங்களில் எண்ணிச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பிள்ளை அந்தப் பாடசாலைக்குள் முதல் அடி வைக்கும்போதே பொய்யைக் கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகு நல்லொழுக்கத்தை எங்கே தேடுவது? அந்த இடம் இன்னொரு தாயின் பிள்ளைக்குரியது என்பதையும் மறக்கக் கூடாது. அவருடைய துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் திரை கிடையாது.

மூன்றாவது, அந்தச் சகோதரி கேட்காமல் விட்டது: இரண்டு நாளாக உம்மா பேசாத அந்தப் பிள்ளை.

பத்து வயதுப் பிள்ளை அது. இரண்டு வருடம் விளையாட்டில்லை, விடுமுறையில்லை, டியூசனுக்குப் பஸ்ஸில் தூங்கித் தூங்கிப் போய் வந்தது. மூன்று புள்ளி குறைந்ததற்காக உம்மாவின் முகமே மாறிவிட்டால், தன்னை நேசித்தார்களா, தன் புள்ளியை நேசித்தார்களா என்று அது எண்ணாதா? "அடுத்த வீட்டு மகனைப் பார்" என்ற ஒரு வார்த்தை பிரம்படியை விட ஆழமாக இறங்கும். இந்தப் பரீட்சையை ஒவ்வொரு வருடமும் மூன்று லட்சம் அளவான பிள்ளைகள் எழுதுகிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான் நிற்கிறார்கள். அவர்கள் எல்லோரும் தோற்றவர்களா? வசதியில்லாத கிராமத்துப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையும் உதவிப் பணமும் கிடைக்க வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு இது. பிள்ளைகளைத் தரம் பிரித்து மானம் அளக்கும் தராசாக அதை மாற்றியவர்கள் நாம்தான்.

உஹதுக் களத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்களும் ஒருவர். ஸமுராவுக்குத் திறந்த வாசல் அன்று ஸைதுக்குத் திறக்கவில்லை. ஆனால் அவருடைய நினைவாற்றலை நபி (ஸல்) அவர்கள் கண்டுகொண்டார்கள். யூதர்களின் எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள். அரை மாதத்துக்குள் படித்துக்கொண்டார். வஹீயை எழுதுபவரானார். யமாமாப் போரில் ஹாஃபிழ்கள் பலர் ஷஹீதானபோது, அல்குர்ஆனை ஒன்றுதிரட்டும் பொறுப்பை அபூபக்ர் (ரழி) அவர்கள் இவரிடமே ஒப்படைத்தார்கள். வாள் பிடிக்க வயது போதாதென்று திருப்பப்பட்ட சிறுவரின் உழைப்பால்தான் இன்று உங்கள் வீட்டு முஸ்ஹஃப் உங்கள் கையில் இருக்கிறது.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மகனுக்காகக் கொழும்பு வரை ஏறி இறங்கும் நாம், மகளுக்குப் புள்ளி போதுமாக இருந்தும், "கண்டி தூரம்" என்று கிடைத்த பாடசாலையைக் கூட விட்டுவிடுகிறோம். கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1898ல் மறைந்தார். பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று அன்றே பாடுபட்டு, கண்டியில் அவர்களுக்குப் பாடசாலையும் அமைத்தார். நாம் அவருக்குப் பின்னால் நிற்கலாமா? பிள்ளைகளுக்கிடையில் நீதியாக நடங்கள் என்பது நபிமொழி. அது சொத்துக்கு மட்டுமல்ல.

அந்தச் சகோதரிக்கு இவ்வளவையும் நான் சொல்லவில்லை. "காசுக்காரரை விட்டுவிடுங்கள். மனுவை உண்மையாக எழுதிப் போடுங்கள். அதற்கு முந்தி இன்றிரவு மகனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

மனுவைப் போட்டார்கள், கேட்ட பாடசாலை கிடைக்கவில்லை. பிள்ளை இங்கேயே ஊர்ப் பாடசாலையில் ஆறாம் தரத்தில் சேர்ந்தார். சில வாரங்களின் பின் என் மனைவியைச் சந்தித்த அந்தத் தாய், "மகன் இப்ப சிரிக்கிறாரு" என்று சொன்னாராம். நான் கேட்க விரும்பிய பெறுபேறு அதுதான்.

நம் பிள்ளைகளை நம் கண்களுக்குக் குளிர்ச்சியாகவும், அவர்களுக்கு நம்மை நிழலாகவும் அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.