அதியமான் கொடுத்த டோக்கன்

சேலத்திலிருந்து தர்மபுரி போகிற வழியில், ஊர் வருவதற்கு ஏழு கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது அதியமான்கோட்டை. தேய்பிறை அஷ்டமி என்றால் பாதி பஸ் காலபைரவருக்காக அங்கேயே இறங்கிவிடும். அதியமான் என்றதும் எல்லோருக்கும் நெல்லிக்கனி ஞாபகம் வரும். எனக்கு இப்போதெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அந்த ஊர்ப் பையன், நண்பரின் மகன், பெங்களூரில் ஏதோ ஒரு கம்பெனியில் வெப் அப்ளிகேஷன் எழுதுகிறான். ஒரு புதன்கிழமை ராத்திரி போன். அழாத குறை.

"அங்கிள், முதல் தடவை திறந்தா மாவட்டப் பட்டியல் ஜம்முனு வருது. வேற பக்கம் போயிட்டுத் திரும்பி வந்தா காலி. 'தென்' ஒரு ஃபங்ஷனே இல்லைன்னு சிவப்பு எழுத்துல திட்டுது. வெள்ளிக்கிழமை டெமோ. மேனேஜர் ஒரே ஒரு தடவை திறந்து பார்த்துட்டு, 'எனக்கு ஓடுதேப்பா'ங்கறார்."

(தென் என்றால் தெற்கு இல்லை. ஆங்கிலத்து 'பிறகு'.)

விஷயம் இதுதான். சர்வரிடம் ஒரு தகவலைக் கேட்டால் அது வர நேரமாகும். அதுவரை ஜாவாஸ்கிரிப்ட் கை கட்டி நிற்காது. 'அப்புறம் தருகிறேன்' என்று உடனே ஒரு ப்ராமிஸைக் கையில் கொடுத்துவிடும். 1976-ல் ஃப்ரீட்மன், வைஸ் என்ற இருவர் வைத்த பெயர். ஜாவாஸ்கிரிப்டின் அதிகாரபூர்வ இலக்கணத்தில் இடம் கிடைத்தது 2015-ல். வாக்குறுதி என்று மொழிபெயர்த்தால் தேர்தல் வாசனை அடிக்கிறது. டோக்கன் என்றே வைத்துக்கொள்வோம். டோக்கனிடம் 'தென்' போட்டு, வந்த பிறகு செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம்.

பையன் கெட்டிக்காரன். மாவட்டப் பட்டியல் தினமுமா மாறுகிறது, எதற்கு ஒவ்வொரு தடவையும் சர்வரை எழுப்ப வேண்டும் என்று முதலில் வந்ததை ஒரு ஓரமாகச் சேமித்து வைத்தான். இதற்குப் பெயர் கேஷ். நல்ல காரியம்தான். ஆனால் சரக்கு கையில் இல்லாதபோது டோக்கன் கொடுத்தவன், இருக்கும்போது சரக்கையே நேராகக் கொடுத்துவிட்டான். ஓட்டல் கல்லாவில் காப்பிக்குக் காசு கொடுத்துவிட்டு டோக்கனுக்குக் கையை நீட்டுகிறீர்கள். "உங்களுக்குத் தயாராவே இருக்கு சார்" என்று உள்ளங்கையில் சுடச்சுட ஊற்றினால்? அந்த அலறல்தான் சிவப்பு எழுத்து.

தயாரான காப்பிக்கும் டோக்கன் போடு என்றேன். ப்ராமிஸ்.ரிசால்வ் என்ற ஒரு உறையில் போட்டுத் தந்தால் போதும். (பழைய ஆங்குலர் ஜே.எஸ்.ஸில் இதே வேலைக்கு க்யூ.வென் என்று ஒன்று. கூகுள் 2021 கடைசியோடு அதைக் கைகழுவிவிட்டது. நம் ஆபீஸ்கள் அவ்வளவு சீக்கிரம் எதையும் கைகழுவுவதில்லை.)

இதைவிட நல்ல வழி, சரக்கை விட்டுவிட்டு டோக்கனையே சேமிப்பது. ஒரே பக்கத்தில் மூன்று இடங்கள் ஒரே சமயத்தில் பட்டியல் கேட்கின்றன. சரக்கு இன்னும் வந்து சேரவில்லை, சேமித்த இடம் காலி. ஆகவே மூன்று தடவை சர்வருக்கு ஓட்டம். டோக்கனைச் சேமித்திருந்தால் மூவருக்கும் அதே டோக்கன், ஒரே ஓட்டம். ஒரு ப்ராமிஸில் எத்தனை பேர் வேண்டுமானாலும் 'தென்' போடலாம், நிறைவேறிய பிறகும் போடலாம். 'ரிட்டர்ன்' எழுத மறந்தால் மட்டும் டோக்கன் கல்லாவிலேயே தங்கிவிடும். பாதிப் பேர் விழுகிற குழி அது.

இங்கேதான் அதியமான் வருகிறான். புறநானூற்றின் 101-வது பாட்டில் ஔவையார் அவனைப் பற்றிச் சொல்வது: ஒரு நாள் போனாலும், பல நாள் போனாலும், கும்பலாகப் போனாலும் முதல் நாள் மாதிரியே வரவேற்கிறான். பரிசு இப்போது வரலாம், தாமதமாகவும் வரலாம். ஆனால் யானை தன் கொம்புகளுக்கிடையே வைத்துக்கொண்ட கவளம் மாதிரி, அது கைக்கு வந்தது போலத்தான், பொய்க்காது.

முதல் தடவையும் நூறாவது தடவையும் ஒரே மரியாதை, தனியாக வந்தாலும் கூட்டமாக வந்தாலும் ஒரே பதில். பையனுக்கு எந்தப் பாடப் புத்தகமும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது. அவன் ஊர்க்காரனே சொல்லாமல் செய்துகாட்டிய சமாச்சாரம்!

ஆனால் அதே ஔவை 206-வது பாட்டில், பரிசில் தாமதமானதும் வாயில்காப்போனிடம் பொரிந்து தள்ளி, மூட்டையைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். கம்ப்யூட்டர் கவளமும் சில சமயம் யானை வாய்க்குப் போகாது. நெட் அறுந்துபோகும், சர்வர் படுத்துவிடும், ப்ராமிஸ் 'ரிஜெக்ட்' ஆகும். அந்தச் செல்லாத டோக்கனைச் சேமிப்பிலிருந்து கிழித்துப் போடாவிட்டால், சர்வர் எழுந்து உட்கார்ந்த பிறகும் கேட்பவனுக்கெல்லாம் "பால் திரிஞ்சு போச்சு" என்றே பதில் வரும். பையன் இதை எழுதியிருக்கவில்லை. வியாழன் ராத்திரி எழுதினான்.

வெள்ளிக்கிழமை டெமோவில் மேனேஜர் வழக்கம்போல ஒரே ஒரு தடவை திறந்து பார்த்தாராம்.

"அப்போ பட்டியலை எவ்வளவு நாள் அங்கிள் வெச்சுக்கலாம்?" என்றான் மறுபடி போனில். தமிழ்நாட்டு மாவட்டங்கள்தானே, வருஷக்கணக்கில் வைக்கலாம் என்று அவனுக்கு ஒரு எண்ணம். சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது 1965-ல். தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004-ல். 2019-ல் மட்டும் ஒரே வருஷத்தில் ஐந்து புது மாவட்டங்கள், அடுத்த வருஷம் மயிலாடுதுறை.

ஒரு நாள் போதும் என்றேன்.