புலியின் பசியும் ஆட்டின் வேதனையும்

காட்டில் புலி மானைப் பிடித்துண்பது அல்லாஹ் அதற்கு வகுத்த இயல்பு. மானுக்கும் ஓடித் தப்பக் கால்களை அவனே அளித்தான். ஆனால் சீனாவின் ஹார்பின் நகரப் புலிப் பூங்காவில், பார்வையாளர்கள் பணம் கட்டி, உயிருள்ள கோழியையும் ஆட்டையும் புலிகளின் முன் வீசச் செய்து கண்டுகளித்ததை என்னென்பது? 2017-இல் அந்நாட்டின் சாங்சோ நகரில், நிர்வாகத்தோடு பிணங்கிய பங்குதாரர்கள் கழுதையொன்றையே புலிகளின் அகழியில் தள்ளினர். மனிதர்களின் வழக்குக்குக் கழுதை பலி!

பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், பூமியின் சிற்றுயிர்களைத் தேடியுண்ணவும் விடாத பெண் நரகம் புகுந்ததாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அறிவீர்கள். ஆகவே அடைபட்ட விலங்கின் பசிக்கு அடைத்தவரே பொறுப்பு. அதைக் காட்டி இரையின் வேதனையை மறக்கலாமா? அறுக்குமுன் கத்தியைத் தீட்டி, பிராணியின் வேதனையைக் குறைக்கப் பணித்தவர்களும் அதே நாயகமன்றோ! உயிருள்ளதை அம்புக்கு இலக்காக நிறுத்துவோரைச் சபித்தவர்களும் அவர்களே.

இறந்த இரையைத் தொட மறுக்கும் பாம்புகள் சில உண்டு. அங்கே நிர்ப்பந்தத்தின் அளவுக்கே அனுமதி என்பது மார்க்கச் சட்டத்தின் பொதுவிதி. புலிக்கோ வெட்டிய இறைச்சியே போதும். பேருந்தில் அமர்ந்து வேடிக்கை பார்ப்போருக்காகவே ஹார்பினில் ஆடு வீசப்பட்டது.