பொது ஃபோல்டருக்குப் பூட்டு வேணும்



நம்ம கம்ப்யூட்டர் ரூம் சர்வரில் 'பொது'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் திறக்கலாம், பாஸ்வேர்டு கிடையாது. வசதிதான். ஆனால் போன மாசம் அதுக்குள்ள என்ன கிடந்தது தெரியுமா? உதவித்தொகைப் பட்டியல்! பேரு, சாதி, அப்பாவோட வருமானம், வங்கிக் கணக்கு எண், போன் நம்பர் எல்லாம். அதை வாசிச்ச ரெண்டு பேர், ஒருத்தியோட வீட்டு வருமானத்தைச் சொல்லிச் சிரிச்சாங்க. அவ ரெண்டு நாள் பள்ளிக்கூடமே வரல. பட்டியலை அன்னிக்கே எடுத்தாச்சு. கதவு இன்னும் திறந்துதான் கிடக்கு.

"அந்த ஃபோல்டரே வேண்டாம்" என்கிறார்கள் சிலர். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவாங்களா? மறுபடி பென் டிரைவும் வைரஸும்தான் மிச்சம்.

நம்ம சர்வர் ஓடுவது லினக்ஸில். அதில் சாம்பா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1992-ல் வெளியிட்டது. (எஸ், எம், பி மூணு எழுத்தும் வரிசையா வர்ற வார்த்தையை அகராதியில் தேடி வச்ச பேராம்!) அதன் அமைப்புக் கோப்பில், இந்த ஃபோல்டருக்கு விருந்தாளி கிடையாது, இன்னார் திறக்கலாம், இன்னார் மட்டும் எழுதலாம் என்று குறித்துவிடலாம். ஒவ்வொருவருக்கும் சர்வரில் ஒரு கணக்கு, சாம்பாவுக்குத் தனி பாஸ்வேர்டு. லினக்ஸிலும் அந்த ஃபோல்டருக்கு அதே உரிமையைக் கொடுக்கணும். சாம்பா 'எழுது'ன்னாலும் லினக்ஸ் 'கூடாது'ன்னா நடக்காது.

பாடங்களை எல்லாரும் படிக்கலாம், ஆசிரியர்கள் மட்டும் மாற்றலாம். வகுப்பு ஃபோல்டர் அந்தந்த வகுப்புக்கு. ஆசிரியர் ஃபோல்டர் நமக்குத் திறக்கவே கூடாது.

வகுப்புக்கே ஒரு பாஸ்வேர்டு போதும் என்பதை நான் ஒத்துக்க மாட்டேன். அது மத்தியானத்துக்குள்ள கரும்பலகைக்கு வந்துடும். யாராவது நம்ம புராஜெக்டை அழிச்சா யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? சர்வர் ஃபோல்டரில் அழிச்சது நம்ம கம்ப்யூட்டரின் ரீசைக்கிள் பின்னுக்கும் வராது. அதனால் வாரம் ஒருமுறை வேறு டிஸ்க்கில் நகல் எடுக்கணும், பாஸ்வேர்டு அதுக்கு ஈடாகாது.

"பிள்ளைங்க மறந்துடுவாங்க"ன்னு ஒரு பயம் உண்டு. மறந்தா என்ன? புதுசு போட ஒரே கட்டளை, ஒரு நிமிஷ வேலை.

எல்லாருக்கும் கணக்கு போட நாளாகும், தெரியும். பேர் அடிக்க நாங்க நாலு பேர் சாயங்காலம் இருக்கத் தயார். அடுத்த உதவித்தொகைப் பட்டியல் எழுதறதுக்குள்ள ஆசிரியர் ஃபோல்டரை மட்டுமாவது பூட்டிடுங்க, சார்.

- 9-ஆம் வகுப்பு மாணவி