எது முதலில் தேயும்?



ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். 160 குதிரைத்திறன் உள்ள காடிலாக், 135 குதிரைத்திறன் உள்ள ஓல்ட்ஸ்மொபைல், வெறும் 97 குதிரைத்திறன் உள்ள பிளைமவுத். மூன்றும் 500 மைல் பந்தயத்தில் ஓடுகின்றன. எது ஜெயிக்கும்?

நம் ஹாஸ்டலில் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்தேன். எட்டுப் பேர் யோசிக்காமல் காடிலாக் என்றார்கள். ஒருவன், "ஓல்ட்ஸ்மொபைல்தான் மச்சான், வெயிட் கம்மி" என்றான். பத்தாவது ஆள், "நீ கேக்குற தினுசப் பாத்தா பிளைமவுத்தாத்தான் இருக்கும். மெஸ்ஸ மூடிருவான், வாடா" என்று என்னை இழுத்துக்கொண்டு போனான்.

அவன் சொன்னதுதான் சரி. ஆனால் ஏன் சரி என்று அவனுக்கும் தெரியாது, சாப்பிட்டு முடிக்கும் வரை அவன் கேட்கவும் இல்லை. அந்த 'ஏன்' என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

1950 செப்டம்பர் 4. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் டார்லிங்டன் என்ற சின்ன ஊர். அங்கே ஹெரால்டு பிராசிங்டன் என்பவர் 1933-ல் இண்டியானாபோலிஸ் போய் 500 மைல் பந்தயத்தைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தவர். நம்ம ஊரிலும் இப்படி ஒன்று கட்டினால் என்ன என்று பல வருடம் கனவு கண்டு, கடைசியில் கட்டியே விட்டார். நிலத்தை விற்றவர் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்: "என் மீன் குளத்தைத் தொடக் கூடாது." அதனால் ஒரு பக்கத்து வளைவைக் குறுக்க வேண்டியதாயிற்று. டார்லிங்டன் பாதை இன்றைக்கும் கோழி முட்டை வடிவில் இருப்பதற்குக் காரணம் அந்தக் குளம்தான்!

அங்கே நடந்தது ஸ்டாக் கார் பந்தயம். பந்தயத்துக்கென்றே செய்த வண்டிகள் இல்லை. ஷோரூமில் யாரும் காசு கொடுத்து வாங்கக்கூடிய குடும்பக் கார்கள். 1948-ல் தொடங்கிய நாஸ்கார் அமைப்பு அதுவரை பெரும்பாலும் மண் பாதைகளில், குறைந்த தூரத்துக்குத்தான் பந்தயம் நடத்தி வந்தது. டார்லிங்டனில் தார் போட்ட பாதை, 1.25 மைல் சுற்று, மொத்தம் 400 சுற்று. நாஸ்காரின் முதல் 500 மைல் பந்தயம் அதுதான். வரிசைக்கு மூன்று வண்டி வீதம் 25 வரிசை. ஆக 75 வண்டிகள்!

பெரிய பெரிய ஓட்டுநர்கள் பெரிய எஞ்சின்களோடு வந்தார்கள். 1949-ன் சாம்பியன் ரெட் பைரன் காடிலாக்கில் வந்தார். ஃபயர்பால் ராபர்ட்ஸ் ஓல்ட்ஸ்மொபைலில் வந்தார். கலிபோர்னியாவிலிருந்து ஜானி மான்ட்ஸ் என்பவரும் வந்தார், ஆறு சிலிண்டர் பிளைமவுத்தோடு. பந்தயத்துக்கு முன்னால் அங்கே இங்கே சாமான் வாங்கிவர ஓடிக்கொண்டிருந்த வண்டி அது. தகுதிச் சுற்றில் அவருக்குக் கிடைத்தது 43-வது இடம்.

பந்தயம் தொடங்கியதும் வேகக்காரர்கள் பறந்தார்கள். கொஞ்ச நேரத்தில் டயர்கள் வெடிக்கத் தொடங்கின. ஒன்றல்ல இரண்டல்ல, பிட்டுக்கு வந்தார்கள், மாற்றினார்கள், போனார்கள், மறுபடி வெடித்தது. கொண்டுவந்த டயர் எல்லாம் தீர்ந்துபோய், பார்வையாளர்களின் கார்களிலிருந்து கழற்றி வாங்கி மாட்டினார்கள் என்று ஒரு கதையே உண்டு. மான்ட்ஸ் மட்டும் ஒரே சீராக ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் போட்டிருந்தது கடினமான ரப்பர் டயர். ஆறரை மணி நேரத்துக்கு மேல் நடந்த பந்தயத்தின் முடிவில் மான்ட்ஸ் முதல், ராபர்ட்ஸ் இரண்டாவது, பைரன் மூன்றாவது. முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி ஒன்பது சுற்று!

"அட, இது ஆமை முயல் கதைதானே" என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. இல்லை நண்பர்களே, இல்லவே இல்லை! அந்தக் கதையில் முயல் தூங்கிவிட்டது. டார்லிங்டனில் எந்த முயலும் தூங்கவில்லை. கடைசி வரை உயிரைக் கொடுத்துத்தான் ஓட்டினார்கள். அவர்கள் தோற்றது சோம்பலால் அல்ல. கணக்கைப் பாதியில் விட்டதால்.

அந்தக் கணக்கை நாம் போட்டுப் பார்ப்போம். பயப்படாதீர்கள், முதலாம் ஆண்டு கணக்குதான்.

மணிக்கு 75 மைல் வேகத்தில் 1.25 மைல் சுற்றுக்கு ஆகும் நேரம் சரியாக 60 விநாடி. மணிக்கு 82 மைல் வேகத்தில் போனால் சுமார் 55 விநாடி. சுற்றுக்கு 5 விநாடி லாபம். அதாவது 12 சுற்று ஓடினால் ஒரு நிமிடம் மிச்சம். இப்போது டயர் வெடிக்கிறது. பிட்டுக்குள் வந்து, ஜாக்கி வைத்து, நட்டைக் கழற்றி, மாற்றி, வெளியே போக மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று நிமிடத்தைத் திரும்பச் சம்பாதிக்க 36 சுற்று ஓட வேண்டும். அடுத்த டயர் 36 சுற்றுக்குள் வெடித்தால்? வேகமாகப் போகப் போக நஷ்டம்தான்!

டயர் ஏன் வெடிக்கிறது? வளைவில் வண்டியை வெளியே தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் விசை 21 சதவீதம் கூடும். அந்தப் பாதையில் எல்லா வளைவும் இடப்பக்கம் திரும்புபவை. ஆகவே பாரமெல்லாம் வலப்பக்கத்து டயர்கள் மீதே விழும். வண்டி எவ்வளவு கனமோ அவ்வளவு அடி. காடிலாக்கின் பெரிய எஞ்சின் ஒரு கையால் கொடுத்த வேகத்தை அதன் எடை இன்னொரு கையால் பிடுங்கிக்கொண்டது. மண் பாதையில் சறுக்கிப் பழகியவர்களுக்கு இது புதுசு. மான்ட்ஸோ இண்டியானாபோலிஸில் ஓட்டியவர். நீண்ட பந்தயம் டயரைத் தின்னும் என்பது அவருக்கு அனுபவப் பாடம்.

அதனால்தான் "மெதுவா போனா ஜெயிக்கலாம்" என்று யாராவது இந்தக் கதையைச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. மான்ட்ஸ் அடக்கத்தால் ஜெயிக்கவில்லை, அறிவால் ஜெயித்தார். 74 பேரும் "எவ்வளவு வேகம் போகும்?" என்று கேட்டபோது அவர் கேட்ட கேள்வி வேறு: "எது முதலில் தேயும்?"

இந்தக் கேள்வியை நான் கேட்காமல் விட்ட ஒரு சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். வெட்கம்தான், பரவாயில்லை.

போன வருடம் எங்கள் டிபார்ட்மென்ட் கண்காட்சிக்கு நாலு பேர் சேர்ந்து நிலக்கடலை உடைக்கும் மெஷின் செய்தோம். மோட்டாருக்கு அலைந்தோம், பெயின்டுக்கு அலைந்தோம், பெயர்ப்பலகை கூட ஸ்டிக்கரில் அடித்தோம். ஷாஃப்டுக்கு மட்டும் பேரிங் போடக் காசு இல்லை என்று, லேத்தில் ஒரு புஷ் கடைந்து சொருகிவிட்டோம். எண்ணெய் விட ஒரு துளை கூட இல்லை. நடுவர்கள் முன்னால் மூன்று நிமிடம் ஓட்டினோம். பொலபொலவென்று கடலை கொட்டியது. முதல் பரிசு! கைத்தட்டல்!

லீவில் அதைக் குழு நண்பனின் சித்தப்பா தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். அரை மணி நேரம். புஷ் காய்ந்து, சூடேறி, ஷாஃப்டைக் கவ்விக்கொண்டது. மோட்டார் முனகியது, புகை வந்தது. உடைக்க வந்திருந்த அக்காமார்கள் பேசாமல் உட்கார்ந்து மறுபடி கையாலேயே உடைக்க ஆரம்பித்தார்கள். சித்தப்பா திட்டவில்லை. "பரிசு குடுத்தவங்க மூணு நிமிசம் பாத்தாங்க தம்பி. எனக்கு இது பொழுதன்னிக்கும் ஓடணும்ல?" என்றார், அவ்வளவுதான். அந்தப் பரிசுக் கோப்பை இப்போது என் டிரங்குப் பெட்டிக்குள் துணிக்கு அடியில் கிடக்கிறது.

நண்பர்களே, நாம் பட்டயப் படிப்பு மாணவர்கள். படித்து முடித்ததும் நமக்குக் காத்திருப்பது பெரும்பாலும் டிசைன் ஆபீஸ் ஏ.சி. அறை அல்ல. ஷாப் ஃப்ளோர், மெயின்டனன்ஸ், நைட் ஷிஃப்ட். 'பி.இ. படிச்சவன் 160 குதிரை, நாம 97 குதிரை' என்று நமக்குள்ளேயே சொல்லிச் சிரித்துக்கொள்கிறோம். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வலி இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று யோசியுங்கள். மெஷின் நிற்கும்போது எது தேய்ந்தது என்று கையை விட்டுப் பார்க்கிறவன் நம்மில் ஒருவன்தான். நிற்பதற்கு முன்பே அதைச் சொல்லத் தெரிந்தால்? அந்த அறிவுக்குக் குதிரைத்திறன் கணக்கு கிடையாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நாஸ்காரின் அந்தப் பெரும் போட்டி வரிசையில் மான்ட்ஸ் அதற்குப் பிறகு ஜெயிக்கவே இல்லை. அடுத்த வருடம், 1951-ல், அதே டார்லிங்டனில் ஹட்சன் ஹார்னெட் ஓட்டிய ஹெர்ப் தாமஸ் ஜெயித்தார். ஒரு வருடத்து விடை மறு வருடம் செல்லாது. கேள்வி மட்டும்தான் ஒவ்வொரு வருடமும் செல்லும்.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, இனிமேல் கண்காட்சிக்கு வரும் ஒவ்வொரு மெஷினையும் மூன்று நிமிடம் அல்ல, காலை மணி அடித்ததிலிருந்து மாலை மணி அடிக்கும் வரை ஓட விடுங்கள். நடுவில் நின்றால் அவமானமில்லை. எது போயிற்று, ஏன் போயிற்று என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். இரண்டு, ஒவ்வொரு புராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் "எது முதலில் தேயும்?" என்ற தலைப்பில் ஒரே ஒரு பக்கம் சேர்க்கும்படி ஆசிரியர்களிடம் கேட்டு வாங்கித் தாருங்கள்.

எங்கள் குழு அந்த மெஷினைத் திரும்ப எடுத்து வந்துவிட்டது. பேரிங் போட்டாயிற்று. இந்த முறை நடுவர் சித்தப்பாதான். ஒரு முழுநாள் ஓட்டம்.

ஜெயித்தால் டிரங்குப் பெட்டியிலிருந்து கோப்பையை வெளியே எடுப்பேன்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை